மாற்றுக் குறையாத பொன்: ஓசூர் தொழிற்சாலை கற்ற பாடம்

நம் இல்லங்களில் பொன் விற்கப்படும் நாள் பெரும்பாலும் மகிழ்ச்சியான நாளாக இருப்பதில்லை. மருத்துவமனைக் கட்டணம், வளைகுடாப் பயணத்துக்கான விசா, நொடித்துப்போன வியாபாரத்தை மீண்டும் தொடங்க ஒரு முதல் என்று ஏதோ ஒன்று நெருக்கும்போதுதான் அலமாரிக்குள் இருக்கும் சங்கிலி வெளியே வருகிறது. எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு நாள் வந்தது. உம்மாவின் நிக்காஹ்வுக்கு வாங்கிய சங்கிலியை வாப்பா கடைவீதிக்கு எடுத்துச் சென்றார்கள். கடைக்காரர் உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார். அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். நிறத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மாற்றுக் குறைவு பாய்" என்றார்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக 22 காரட் என்று நம்பிக் கழுத்தில் அணிந்திருந்த நகை அது. விற்றவர் சொன்னதை நம்பினோம். சோதித்துப் பார்க்க நம்மிடம் வழி ஏதும் இல்லை. அந்தக் கடையின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஏனெனில் இது ஒரு கடையின் கதையன்று. தலைமுறை தலைமுறையாக எண்ணற்ற குடும்பங்களில் நடந்த கதை. இதை வாசிக்கும் பலருக்கும் இத்தகைய ஒரு நினைவு இருக்கக்கூடும்.

இந்தப் பழைய வேதனையைப் புரிந்துகொண்ட பிறகே, கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரில் பிறந்த ஒரு புதிய பொருள் மக்களின் விருப்பத்துக்குரிய பொருளாக மாறியது. புரிந்துகொள்ளாதிருந்த காலம் வரை, டாடா என்னும் பெரும்பெயர் பின்னால் நின்றும் அது விலைபோகவில்லை. வணிகத்தைத் தம் வாழ்வாதாரமாகக் கொண்ட நம் சமுதாயத்துக்கு அந்த வரலாற்றில் எடுத்துக்கொள்ள நிறையவே உண்டு.

எல்லையில் ஓர் ஊர்

ஓசூரும் கிருஷ்ணகிரியும் நெடுங்காலமாகவே எல்லைப்புறப் பகுதிகள். ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் மைசூர் அரசுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்களில் இப்பகுதிக் கோட்டைகள் பலமுறை கைமாறின. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் ஆங்கிலேயர் வசமாயிற்று. ஓசூரோ திப்பு சுல்தான் ஷஹீதான 1799 வரை மைசூரோடு இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதுவும் ஒரே சந்தையில் ஒலிக்கும் ஊராக அது இன்றும் இருப்பதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம்.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றம் வேறு வகையானது. பெங்களூர் 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அங்கே பொதுத்துறைத் தொழிற்சாலைகளும் தேர்ந்த பொறியாளர்களும் இருந்தனர். எல்லைக்கு இப்பால், மழை குறைந்த மேட்டு நிலத்தில் வேலையின்றி இளைஞர் கூட்டம் இருந்தது. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்து ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980-இல் இங்கிருந்துதான் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. அதுவரையிலான மொபெட்டுகள் ஒருவர் மட்டும் ஏறிச் செல்பவை. கணவனும் மனைவியும் சேர்ந்து செல்லவும், பின்னால் ஒரு மூட்டையைக் கட்டவும் ஏற்ற வண்டி அது. துணி மூட்டையோடு ஊர் ஊராகச் சென்று விற்ற நம் வியாபாரிகளில் எத்தனையோ பேருக்கு அதுவே முதல் வாகனம்.

பொருளை வாங்குபவர் எப்படி வாழ்கிறார் என்று பார்த்துச் செய்தால் அது விலைபோகும் என்பதற்கு ஓசூர் தந்த தொடக்கச் சான்று அந்த மொபெட். அடுத்த சான்று ஒரு கைக்கடிகாரம்.

சபரிலிருந்து வந்த கடிகாரங்கள்

1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எச்.எம்.டி. நிறுவனம் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்கியது. உழைப்புக்குப் பெயர்பெற்ற கடிகாரங்கள் அவை. தேவையோ உற்பத்தியைவிடக் கூடுதலாக இருந்தது. கைகளால் சாவி கொடுக்க வேண்டும். வடிவங்களும் குறைவு. நேரம் காட்டும் ஒரு கருவி என்ற அளவில் அவை குறையில்லாதவை.

ஆனால் அக்காலத்தில் மக்கள் ஆசைப்பட்ட கடிகாரம் எது என்று அறிய நம் வீடுகளையே எண்ணிப் பார்க்கலாம். சிங்கப்பூர், பினாங்கு, பின்னர் துபாய், ஜித்தா என்று சபர் சென்று திரும்பியவர்களின் பெட்டியில் அத்தர், துணி, டேப் ரெக்கார்டர் ஆகியவற்றோடு ஒரு சிட்டிசன் அல்லது சீகோ கைக்கடிகாரம் தவறாமல் இருக்கும். அது மச்சானுக்கு, புது மாப்பிள்ளைக்கு, மேல்படிப்புக்குச் செல்லும் மகனுக்கு. உறவினர் யாரும் வெளிநாட்டில் இல்லாதவர் சென்னை பர்மா பஜாரில் தேடினர். நாடெங்கும் கடத்தல் கடிகாரங்கள் விற்றுத் தீர்ந்தன. அக்கடிகாரங்கள் மெல்லியவை, பளபளப்பானவை, குவார்ட்ஸ் எனும் படிகத்தால் இயங்கியவை. மின்கலத்தின் மின்சாரம் பட்டதும் அப்படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணியே முள் நகர்கிறது. வக்து பார்த்துத் தொழுகைக்குச் செல்பவருக்கு இத்துல்லியம் ஒரு நிம்மதி. வாங்கியவர்களுள் பலருக்கு அது துல்லியத்துக்கும் மேலாக ஓர் அணிகலனாகவும் அன்பளிப்பாகவும் இருந்தது.

தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடா குழுமமும் இணைந்து 1984-இல் டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்னும் பெயர்களின் எழுத்துகளிலிருந்து பிறந்த பெயர் அது. தலைமை ஏற்றவர் ஜெர்க்சஸ் தேசாய். தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் ஓசூர். பிரான்சின் பிரான்ஸ் எபோஷ் நிறுவனம் தொழில்நுட்பம் தந்தது. பள்ளிப் படிப்பை முடித்த கிராமப்புற இளையோரைத் தேர்ந்தெடுத்து, நுண்ணிய உறுப்புகளைப் பொருத்தும் கலையைக் கற்றுக்கொடுத்தனர். பெற்றோரைப் பிரிந்து வந்த அவர்களுள் பலரும் தொழிற்சாலை வாசலில்தான் உலகத்தை முதன்முதலாகச் சந்தித்தனர்.

டைட்டன் தொடக்கத்திலேயே குவார்ட்ஸில் முனைந்தது. வடிவங்களைப் பெருக்கியது, எல்லா மாதிரிகளையும் விலையோடு நாளிதழ் விளம்பரங்களில் அச்சிட்டது. 1987-இல் பெங்களூரின் சஃபீனா பிளாசாவில் தன் முதல் காட்சியகத்தைத் திறந்தது. பழுது பார்ப்பவரின் சிறு பெட்டிக்கடையிலும் மங்கலான கண்ணாடிப் பேழையிலும் இருந்த கைக்கடிகாரத்தை நகையைப் போல் ஒளியூட்டிக் காட்டினர். கடிகாரம் என்பது ஒருவர் மற்றொருவருக்கு அன்போடு அளிக்கும் பொருள் என்று விளம்பரங்கள் பேசின. நம் வீட்டுப் பெரியவர்கள் சபரிலிருந்து கொண்டுவந்த கடிகாரத்தை எந்த மனநிலையில் கொடுத்தார்களோ அந்த மனநிலையை ஓசூர் சரியாகக் கண்டுகொண்டது. மக்களிடம் ஏற்கெனவே இருந்த விருப்பத்துக்கு உள்நாட்டில் ஒரு விடை கிடைத்தது. டைட்டன் மிக விரைவில் நாடறிந்த பெயராயிற்று.

வெற்றி தந்த செவிட்டுத்தன்மை

வெற்றி பெற்றவனுக்கு அடுத்த பொருளும் அப்படியே விற்கும் என்னும் எண்ணம் வருவது இயல்பு. டைட்டனுக்கும் அது நேர்ந்தது.

கடிகார உறுப்புகளை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. நகைகளை ஏற்றுமதி செய்து அதை ஈட்டலாம் என்ற திட்டம் எழுந்தது. ஓசூரிலேயே நவீன நகைத் தொழிற்சாலை அமைந்தது. 1991-க்குப் பின் நாட்டின் பொருளாதாரக் கொள்கை மாறியதால் அந்நியச் செலாவணியின் நெருக்கடி தணிந்தது. தொழிற்சாலை இருந்தது; அதற்கு ஒரு சந்தை வேண்டும். பார்வை உள்நாட்டின் பக்கம் திரும்பியது. தனிஷ்க் என்ற பெயர் சூட்டப்பட்டது. 1996-இல் சென்னை கதீட்ரல் சாலையில் அதன் முதல் கடை திறக்கப்பட்டது.

நகைகள் அழகாகவே இருந்தன. கற்கள் பதித்த, மேலைநாட்டு நேர்த்தி கொண்ட, 18 காரட் பொன்னாலான நகைகள். 18 காரட் என்றால் நூற்றுக்கு 75 பங்கு பொன். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். இத்தேர்வுக்குப் பொறியியல் நியாயமும் இருந்தது. 22 காரட்டில் பொன் ஏறத்தாழ 91.6 விழுக்காடு, அது மென்மையானது. உறுதியான 18 காரட்டில் பதித்த கல் எளிதில் கழன்று விழாது. மேலைநாடுகள் பலவற்றில் இத்தகைய தரம் வழக்கம். ஆகவே இந்தியப் பெண்மணிகளும் இதை விரும்புவர் என்று நிறுவனம் கருதியது.

விரும்பவில்லை. கடைக்கு வந்தவர்கள் வியந்து பார்த்தார்கள், வாங்காமல் திரும்பினார்கள். இழப்பு ஆண்டுதோறும் தொடர்ந்தது. இந்த முயற்சி தேவைதானா என்ற ஐயம் நிறுவனத்துக்குள்ளேயே எழுந்தது.

வரலாற்றை ஒருமுறை புரட்டியிருந்தால் ஓர் எச்சரிக்கை அங்கே காத்திருந்தது. 1962 சீனப் போருக்குப் பின், பொன் இறக்குமதியைக் குறைக்க எண்ணிய அன்றைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பொன் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தார். 1963 ஜனவரி முதல் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகைகளைச் செய்வது தடை செய்யப்பட்டது. மக்கள் 14 காரட்டை ஏற்கவில்லை. பொன் மறைவான வழிகளில் புழங்கியது. வேலை இழந்த பொற்கொல்லர் குடும்பங்கள் வீதிக்கு வந்தன. 1966-இல் அத்தடையைத் தளர்த்த நேர்ந்தது. 1968-இல் வந்த பொன் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது. சட்டத்தின் வலிமையால் மாற்ற முடியாத ஒரு விருப்பத்தை விளம்பரத்தின் வலிமையால் மாற்றிவிடலாம் என்று எண்ணியதே தனிஷ்க்கின் முதல் பிழை.

அந்த விருப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது? நம் குடும்பங்களில் நகையை எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதிலேயே விடை உண்டு. "எத்தனை பவுன்?" என்றுதான் கேட்கிறோம். வடிவத்தைப் பற்றிய பேச்சு அதன் பின்னரே வரும். எட்டு கிராம் பவுன் என்பது அணிகலன் மட்டுமன்று. பெண்ணின் கையில் இருக்கும் சேமிப்பு. மஹராகப் பெற்ற பொன் அவளுக்கே உரிய சொத்து. கணவர் இறந்தாலும், தொழில் முடங்கினாலும் அவள் கைகொடுக்கக் கேட்பது அந்தப் பெட்டியைத்தான். வட்டிக்குக் கடன் வாங்குவதைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்துக்கு அதைவிடச் சிறந்த அரண் வேறில்லை. அத்தகைய சேமிப்பில் கால் பங்கு செம்பும் வெள்ளியும் இருப்பதை எந்தத் தாய் ஏற்பாள்? "பத்தரை மாற்றுத் தங்கம்" என்று நல்ல மனிதரையே பொன்னின் தூய்மையால் போற்றும் மொழி நம்முடையது.

கடைமேசைக்கு வந்த கருவி

1990-களின் இறுதியில் தனிஷ்க் தன் போக்கை மாற்றிக்கொண்டது. 22 காரட் நகைகளைச் செய்யத் தொடங்கியது. அந்தந்த வட்டார மக்கள் அணியும் வடிவங்களைக் கற்றது. ஆனால் இது மட்டுமே போதுமானதாக இருந்திருக்காது. 22 காரட் விற்பதாகச் சொல்லும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பரம்பரையாக ஒரு நகைக்கடையும் நம்பிக்கைக்குரிய ஓர் ஆசாரியும் இருந்தனர். அவர்களை விட்டுவிட்டுப் புதியவரிடம் ஏன் வரவேண்டும்?

வாங்குபவர் நெஞ்சில் புதைந்திருந்த ஐயத்தை நிறுவனம் கண்டறிந்தது அப்போதுதான். "நான் அணிந்திருப்பது உண்மையில் எத்தனை காரட்?" இக்கேள்வியை எவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்டாலும் விடை தருவார் இல்லை. உரைகல் சொல்வது அதை இழுப்பவரின் கண்ணைப் பொறுத்தது. உருக்கிப் பார்த்தாலோ நகை அழிந்துவிடும்.

காரட் மீட்டர் என்னும் கருவியைத் தனிஷ்க் தன் கடைகளில் வைத்தது. அதனுள் நகையை வைத்தால் எக்ஸ் கதிர் அதன்மேல் பாயும். கதிர் பட்ட உலோக அணுக்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி உமிழும். பொன்னுக்கு ஒன்று, செம்புக்கு வேறொன்று, வெள்ளிக்கு மற்றொன்று. அவற்றை அளந்து இத்தனை பங்கு பொன் என்று சில நிமிடங்களில் திரை காட்டிவிடும். நகையை வெட்ட வேண்டாம், உருக்க வேண்டாம். மேற்பரப்பை மட்டுமே ஆய்வதால் கனத்த பூச்சுள்ள நகையில் அது ஏமாறக்கூடும் என்பது உண்மையே. எனினும் வீட்டு நகைகளின் தரத்தை உடைக்காமல் அறிய அதுவரை பொதுமக்களுக்குக் கிடைக்காத வசதி அது.

எந்தக் கடையில் வாங்கிய நகையையும் கொண்டுவந்து சோதித்துக்கொள்ளலாம் என்று அழைத்தனர். பெண்கள் வந்தனர். வளையலைக் கழற்றி வைத்தனர். திரையில் எண் தோன்றியது. பலருக்கும் அது 22-க்குக் கீழே நின்றது. பல்லாண்டு நம்பிக்கை ஒரு நொடியில் இடிந்த அந்தத் துயரத்தை உரைகல்லின் முன் நின்ற வாப்பாவின் முகத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இந்த இடத்தில் நீதியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைந்த மாற்று எல்லாமே களவு அன்று. நகையின் உறுப்புகளை ஒட்டவைக்கப் பற்றவைப்புப் பொடி தேவை; அது பொன்னைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதால் அதில் பிற உலோகம் கலந்திருக்கும். நுண்ணிய வேலைப்பாடு கூடக்கூடப் பொடியும் கூடும். முழு நகையின் மாற்றும் சற்று இறங்கும். கண்ணை வருத்தி, கரிப்புகையில் அமர்ந்து, சொற்பக் கூலிக்கு உழைத்த ஆசாரிகள்மீது ஒட்டுமொத்தப் பழியைப் போடுவது அநியாயம். குறைவைத் தெரிந்தும் மறைத்து, முழு மாற்றுக்கான விலையைப் பெற்றதே குற்றம்.

குறையைக் காட்டியதோடு நிறுவனம் நின்றிருந்தால் அது பிறரை இழிவுபடுத்தியதாகவே முடிந்திருக்கும். வந்தவர்களும் மனமுடைந்து திரும்பியிருப்பர். அதனால் மற்றொரு திட்டத்தையும் அறிவித்தது. சோதித்த நகை 19 காரட்டுக்கு மேலும் 22 காரட்டுக்குக் கீழும் இருந்தால், செய்கூலி மட்டும் பெற்றுக்கொண்டு 22 காரட் நகையாக மாற்றித் தருவதாகச் சொன்னது. பொன்னின் மாற்றில் இருந்த வேறுபாட்டை நிறுவனமே ஏற்றது. செலவு பெரிது. ஆனால் அவ்வாறு வந்த குடும்பம் அடுத்த நிக்காஹ்வுக்கும் திருமணத்துக்கும் அதே கடைக்கு வந்தது. இழப்பில் இருந்த நகைத் தொழில் நிமிர்ந்தது. கடிகாரத்துக்கெனத் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி இன்று நகையிலிருந்தே வருகிறது.

18 காரட் நகையைச் செய்தவர்களும் 22 காரட்டைச் செய்தவர்களும் ஒரே ஓசூரில் பணிபுரிந்தவர்கள். கைத்திறன் மாறவில்லை, இயந்திரமும் பெரிதாக மாறவில்லை. "நாங்கள் செய்ததை நீங்கள் விரும்புங்கள்" என்ற நிலையிலிருந்து "நீங்கள் அஞ்சுவது எதற்கு?" என்று கேட்கும் நிலைக்கு நிறுவனம் இறங்கி வந்தது. அந்த இறக்கமே அதன் ஏற்றம்.

மர்வ் நகரத்துத் தராசு

பொன்னின் உண்மையைக் கருவி சொல்ல, அதனால் வணிக உலகம் அதிர்வது வரலாற்றில் புதிதன்று. இஸ்லாமிய நாகரிகம் இத்துறையில் நெடுந்தொலைவு சென்றிருந்தது.

ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) கலீஃபா அப்துல் மலிக் வெளியிட்ட பொன் தீனாரின் எடை 4.25 கிராம். ஸகாத்துக்கான நிஸாப் 20 தீனார் என்பதை 85 கிராமாகக் கணக்கிடுவது இந்த எடையைக் கொண்டே. அங்காடியில் எடைக்கற்களையும் தரத்தையும் மேற்பார்வையிட முஹ்தஸிப் என்னும் அலுவலர் இருந்தார். பதினொன்றாம் நூற்றாண்டில் அல்-பிரூனி நீரில் அமிழ்த்தி உலோகங்களின் ஒப்பெடையை அளந்தார். பொன்னுக்கு அவர் கண்ட அளவு இக்கால அளவுக்கு மிக அருகில் உள்ளது.

அவருக்குப் பின் வந்த அல்-இஸ்ஃபிஸாரி என்னும் அறிஞர், சுல்தான் சஞ்சரின் கருவூலத்துக்காக, கலப்புப் பொன்னைக் கண்டறியும் ஒரு தராசை உருவாக்கினார். தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய கருவூலக் காப்பாளன் அதை உடைத்தெறிந்தான் என்றும், அந்தத் துயரத்திலேயே அவ்வறிஞர் இறந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. அப்பணியைத் தொடர்ந்தவர் மர்வ் நகரத்தின் அல்-காஸினி. அடிமையாக இருந்து அறிஞராக உயர்ந்தவர். 1121-ஆம் ஆண்டளவில் 'மீஸானுல் ஹிக்மா', அதாவது ஞானத் தராசு, என்ற நூலை எழுதி, அத்தகைய தராசைச் செம்மைப்படுத்தி விளக்கினார். நகையை அழிக்காமலேயே அதில் கலந்துள்ள உலோகத்தை மதிப்பிட அது வழி காட்டியது.

மர்வின் கருவூலத்துக்கும் நம் கடைவீதிக்கும் இடையே எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. உடைத்தெறிந்த காப்பாளனின் அச்சமும் அப்படியே இருக்கிறது. அளந்து சொன்ன அறிஞரின் துணிவும் அப்படியே தேவைப்படுகிறது. அன்று தராசு அரசனின் பொன்னைக் காத்தது. ஓசூர் வரலாற்றின் சிறப்பு, அத்தகைய கருவி ஒரு சாதாரண வீட்டுப் பெண்மணியின் கண்முன்னே வைக்கப்பட்டதுதான்.

நம் கணக்கும் நம் கடமையும்

மாற்றுக் குறைவு நம்மைப் பொறுத்தவரை பணக் கணக்கோடு முடிவதில்லை. ஒரு பெண்மணியிடம் 12 பவுன், அதாவது 96 கிராம் நகை இருப்பதாகக் கொள்வோம். அது உண்மையான 22 காரட்டாக இருந்தால் தூய பொன் 88 கிராம், நிஸாபைத் தாண்டுகிறது. 19 காரட்டாக இருந்தால் தூய பொன் 76 கிராம் மட்டுமே. இடையே காணாமற்போனது 12 கிராம் தூய பொன். அணியும் நகைக்கு ஸகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. கலப்புப் பொன்னைக் கணக்கிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. அவற்றைத் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. ஆனால் எந்த வழியில் கணக்கிட்டாலும், கையில் இருப்பது என்ன என்ற உண்மை முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் மறைத்த உண்மை மற்றொருவரின் இபாதத் வரை சென்று தொடுகிறது.

பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்கும் திட்டங்களிலும் நம் மக்கள் எச்சரிக்கையாக இருத்தல் நலம். தரம் குறைந்த பேரீச்சம்பழத்தைக் கூடுதல் அளவில் கொடுத்து நல்ல பழத்தைப் பெற்ற பிலால் (ரலி) அவர்களிடம், அது வட்டியே என்றும், முதலில் அதை விற்றுவிட்டு அப்பணத்தைக் கொண்டு நல்லதை வாங்குமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளது. பொன்னுக்குப் பொன் மாற்றுவதிலும் சம எடையும் உடனுக்குடன் கைமாறுதலும் வேண்டும். ஆகவே பழைய நகையை விற்று, பணத்தைக் கையில் பெற்ற பின்னர்ப் புதியதை வாங்குவதே பேணுதலான முறை. இத்தகைய வாடிக்கையாளர்கள் உண்டு என்பதை அறிந்து அதற்கேற்ப நடைமுறையை அமைத்துத் தரும் நகைக்கடைக்காரர், நம்மிடையே இன்னும் கேட்கப்படாத ஒரு தேவைக்கு விடை தந்தவர் ஆவார்.

இன்று சட்டமும் துணை நிற்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் பொன் நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரையைத் தொடங்கியது. 2021 ஜூன் முதல் படிப்படியாக அது கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது என்ற விதி வந்தது. 22 காரட் நகையில் 916 என்ற எண்ணைப் பாருங்கள், ஆறு இலக்க அடையாளத்தைத் தர நிர்ணய அமைவனத்தின் செயலியில் சரிபாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளுக்கு நகை சேர்க்கும் தாய்மார்கள் இதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

இறுதியாக, தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்களுக்கு ஒரு சொல். ஓசூர்–கிருஷ்ணகிரிப் பகுதியில் புதிய எண்ணங்கள் ஓயவில்லை. ஓசூரில் ஏத்தரும் போச்சம்பள்ளி அருகே ஓலாவும் இன்று மின் ஸ்கூட்டர்கள் செய்கின்றன. அவற்றைச் சுற்றிலும் உதிரிப்பாகப் பட்டறைகளும் உணவகங்களும் பெருகுகின்றன. நம் பிள்ளைகளும் மசாலாப் பொடி, ஆயத்த ஆடை, அத்தர், கைப்பேசிச் செயலி என்று பல திட்டங்களோடு வருகிறார்கள். பெரும்பாலோர் முதலில் காட்டுவது தம் பொருளின் அழகை. அழகு தேவைதான், 18 காரட் நகையும் அழகாகத்தான் இருந்தது. வாங்குபவர் எதை நம்ப முடியாமல் தவிக்கிறார், யாரிடம் ஏமாந்தார், எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்பதை அறிய முதலில் சில மாதங்களைச் செலவிடுங்கள். பின்னர்ப் பொருளைச் செய்யுங்கள்.

அங்காடியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று விற்பவரிடம் கேட்டார்கள். குறையை மேலே வைத்து விற்பது வணிகத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு ஓசூரின் அனுபவம் ஒரு மறுமொழி. அளவில் மோசடி செய்வோரை எச்சரிக்க ஒரு தனி அத்தியாயத்தையே வேதத்தில் பெற்ற சமுதாயம் நாம். நம்மிடம் வாங்குபவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் அதைப் பிறரிடம் கொண்டுசெல்லும் நாளிலும் தலைகுனியாமல் திரும்ப வேண்டும். அவர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அதுவே.

நம் கொடுக்கல் வாங்கலில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.